ஒரு வாய்க்கு ஒன்று

"பத்துப் பேருக்கு விருந்துன்னிய. பல்லு குத்துற குச்சியில ரெண்டு ரெண்டு இட்லி குத்திக் குடுத்தா போதுமாக்கா?"

ரீபா கேட்டதற்குப் பாக்கியவதி சிரிக்கவில்லை. "குட்டி இட்லிதான, பொடியில நல்லா பிரட்டு. எதுவும் ஒரு வாய்க்கு மேல இருக்கக் கூடாது."

மாடியில் ரீபா குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பாக்கியவதியின் வீட்டுக்காரர் இஸ்ரவேல் சாரை அவள் பார்த்ததேயில்லை. அறைக்குள்ளிருந்து இருமல் சத்தம் மட்டும் கேட்டிருக்கிறாள். இன்று அவருக்கு அறுபத்தைந்து முடிகிறது. கூட வேலை பார்த்த வாத்தியார்கள் வருகிறார்கள்.

எலும்பில்லாத கோழித் துண்டுகளைக் குச்சியில் ஏற்றி, மேலே வெங்காயம் செருகினாள் ரீபா. அடுத்து காடைமுட்டை. அப்புறம் அன்னாசி.

"பேசாம பிரியாணி போட்டிருந்தா வேலை எப்பவோ முடிஞ்சிருக்கும்லா?"

"சோறு வேண்டாம் ரீபா."

"சாருக்குச் சோறு ஆகாதோ?"

"அதெல்லாம் ஆகும்."

சரியான கஞ்சம் என்று ரீபா மனசுக்குள் முடிவு கட்டினாள்.

ஐந்து மணிக்கெல்லாம் கூடம் நிறைந்துவிட்டது. பாக்கியவதி உள்ளறைக்குப் போனாள்.

"நான் வரல. நாலு பேரு முன்னால என்னால முடியாது" என்றது ஆண் குரல்.

"வாசல்ல நின்னு ஒரு தடவ பாருங்க. பிடிக்கலன்னா உள்ள வந்துருங்க."

ரீபா தட்டோடு கூடத்துக்கு வந்தாள். ஜம்பு சார் இடது கையை நீட்டி ஒரு குச்சியை எடுத்தார். பக்கத்தில் இருந்தவரும் இடது கையால்தான் எடுத்தார். டார்லின் டீச்சருக்கு இட்லி நழுவி மடியில் விழுந்தது. சிரித்துக்கொண்டே இன்னொன்றையும் இடது கையாலேயே எடுத்தார்.

படித்த மனுஷர்கள் பீச்சாங்கையால் தின்கிறார்களே! ரீபா முகம் சுளித்தாள்.

கதவு திறந்தது. இஸ்ரவேல் சார் நிலையருகே நின்று ஒவ்வொருவர் கையாகப் பார்த்தார். பிறகு காலை இழுத்து இழுத்து, பைய நடந்து வந்தார். அவருடைய வலது கை தோளிலிருந்து துவண்டு தொங்கியது.

ரீபாவின் தட்டிலிருந்து இடது கையால் ஒரு கோழித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். யாரும் அவரைப் பார்க்கவில்லை; பேசிக்கொண்டே இருந்தார்கள்.

"நாந்தான் எல்லார்ட்டயும் போன்ல சொல்லி வச்சேன்" என்றாள் பாக்கியவதி, ரீபாவின் காதோரம். "பக்கவாதம் வந்து எட்டு மாசமாச்சு. அன்னையிலருந்து என் முன்னாலகூடச் சாப்பிட்டதில்ல."