தொண்டைநோ

"இனிமேல் பிள்ளைகளின்ர இருதய ஒப்பரேசனுக்கு எங்கட நிதியம் உதவாது" என்று நிதிய அதிகாரி தில்லைநாதன், கடற்கரை ஊரான தாழ்வுபாட்டுக் கோயில் மண்டபத்தில் கூடியிருந்த தாய்மாரிடம் சொன்னார்.

"ஏற்கெனவே பதிஞ்ச பிள்ளைகளுக்குச் செய்து முடிப்பம். அதுக்குப் பிறகு ஊரூராத் தொண்டைநோ கிளினிக். கவனியாமல் விட்ட தொண்டைநோதான் பிறகு இருதய வால்வைப் பழுதாக்குது. நேரத்தோட பார்த்துப் பெனிசிலின் குடுத்தால் ஒப்பரேசன் வரைக்கும் போகாது. உங்கட விருப்பத்தையும் கேட்கத்தான் வந்தனான்."

தாய்மார் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். கடைசி வரிசையில் மாக்கிறட் எழும்பினாள்.

"கிளினிக்கைத் தொடங்குங்கோ ஐயா. அதுதான் நல்லது."

றஞ்சிதம் மிஸ்ஸிக்குச் சுருக்கென்றது. இருபது வருடமாக இந்தக் கரைப் பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் தாதி அவள். மாக்கிறட்டின் மகள் இதே நிதியத்தின் உதவியில்தான் கொழும்பில் ஒப்பரேசன் செய்து தப்பினாள்.

"தன்ர பிள்ளை தப்பிட்டுது. இனி மற்றதுகள் எப்பிடிப் போனாலென்ன" என்று பக்கத்துக் கதிரையில் ஊர்ப் பெரியவர் அமிர்தநாயகம் முணுமுணுத்தார். மிஸ்ஸி தலையாட்டினாள்.

கூட்டம் கலைந்ததும் வாசலில் மாக்கிறட்டை மறித்தாள்.

"அப்பிடிச் சொல்ல உமக்கு எப்பிடி மனம் வந்தது? நாளைக்கு இன்னொரு பிள்ளைக்கு வால்வு பழுதானால் அந்தத் தாய் எங்க போவாள்?"

"பழுதாகாமல் பாக்கத்தானே மிஸ்ஸி சொன்னனான். என்ர பிள்ளை இண்டைக்கும் மாசாமாசம் பெனிசிலின் ஊசி போடுறாள்."

"நீர் நேரத்தோட காட்டியிருந்தால் உம்மட பிள்ளைக்கும் ஒப்பரேசன் தேவைப்பட்டிராது. 'நான்தான் கவனியாமல் விட்டிட்டன்' எண்டு கொழும்பு டொக்டரிட்டை நீர் சொன்னது, அவர் எனக்கு எழுதின கடிதத்தில இருந்தது."

மற்றவர்கள் வாசலைத் தாண்டிப் போகும்வரை மாக்கிறட் பொறுத்தாள்.

"காட்டினனான் மிஸ்ஸி. மூண்டு தரம். இடம்பெயர்ந்து வந்த சனமும் சேர்ந்து வரிசை றோட்டு வரைக்கும் நிண்ட காலம். வாயைத் திறந்து பாக்காமலே காய்ச்சலுக்குப் பனடோல் தந்து அனுப்பினனீங்கள்."

மிஸ்ஸி யோசித்துப் பார்த்தாள். அந்த வரிசை நினைவில் இருந்தது. பிள்ளையின் முகம் இல்லை.

"பிறகேன் டொக்டரிட்டை அப்பிடிச் சொன்னனீர்?" குரல் இறங்கிவிட்டது.

"உள்ளதைச் சொல்லியிருந்தால் உங்களை வேற இடத்துக்கு மாத்தியிருப்பினம். அப்ப இந்தக் கரைக்கு நீங்கள் ஒராள்தானே மிஸ்ஸி."