குறிப்பு என்ற கட்டம்

டாக்டர்களுக்காக இன்சூரன்ஸ் பில் போட்டுக்கொடுக்கும் அந்தச் சிறிய அலுவலகத்தில், மதிய வெயில் ஜன்னல் மறைப்பின் இடுக்குகளில் புகுந்து கணினித் திரைமேல் கோடு கோடாக விழுகிறது. பழைய சாஃப்ட்வேரைச் செய்த கம்பெனி மூடிவிட்டது. இன்று ஐந்து மணியோடு அது நின்றுவிடும். முதலாளியம்மாள் பார்க்கும் மூன்றாவது புது சாஃப்ட்வேர் இது. விற்க வந்தவர் பொறுமையாகக் காட்டுகிறார். பெயர் வரும், பிறந்த தேதி வரும், பில்கள் எல்லாம் வரும். "குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கே, அது?" என்று கேட்கிறாள், பதினோரு வருடமாக இங்கே நோயாளிகளோடு போனில் பேசிவரும், முதலாளியம்மாளின் அண்ணி. "அது எதுலயும் வராதுங்க. வெளிய எடுக்கவே வழியில்ல, பிரிண்ட்கூட வராது. புதுசா எழுதிக்கலாம்." அண்ணி பழைய திரையில் ஒரு வரியை விரலால் தொட்டு வாசிக்கிறாள்: "மனைவி இறந்தது இவருக்கு நினைவில்லை. கேட்டால், கடைக்குப் போயிருப்பதாகச் சொல்லவும்." விற்க வந்தவரின் கை மவுஸிலிருந்து விலகுகிறது. "இப்படி எத்தனை பேருங்க?" "ஆறாயிரத்துச் சொச்சம்." முதலாளியம்மாள் திரும்பிப் பார்க்கிறாள். "என்ன அண்ணி பண்றது?" "என்னைக் கேட்டா? கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு. வேற வழி? அழுத்தும்மா." முதலாளியம்மாள் 'மாற்று' என்ற பொத்தானை அழுத்துகிறாள். புதுத் திரையில் ஒரு நீலக் கோடு மெல்ல நகரத் தொடங்குகிறது. விற்க வந்தவர் பையை மாட்டிக்கொள்கிறார், பிறகு கழற்றிவைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போடுகிறார். "நீங்க வாசிங்கக்கா, நான் எழுதுறேன்." அண்ணி வாசிக்கிறாள். மணி நாலே கால். பெயர் வரிசையில் இன்னும் முதல் எழுத்தையே அவர்கள் தாண்டவில்லை.