படுக்க விடாதவர்

குதிரை படுக்கப் பார்த்தது. குதிரைக்காரர் ஸெய்னுதீன் விடவில்லை. கயிற்றை இழுத்து, விலாவில் தட்டி, மறுபடியும் மணலில் நடத்தினார்.

டச் பே கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடும் குதிரை அது. உடம்பெல்லாம் வியர்வை. முன்காலால் மண்ணைப் பறிப்பதும், திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்ப்பதுமாக இருந்தது.

சிவாஜினிக்கு மனம் கேட்கவில்லை. மிருகங்கள் என்றால் உயிரை விடுகிறவள் அவள். தெருப்பூனை நனைந்தாலே முகநூலில் எழுதிவிடுவாள். காலையில் நல்லாய்த்தானே நின்றது, இந்த மனிதர் என்ன செய்தார்? கைபேசியில் படம் பிடிக்கத் தொடங்கினாள்.

"ஏலாத சீவனை ஏன் வதைக்கிறீங்கள்? படுக்க விடுங்கோவன்."

"படுக்க விட ஏலாது தங்கச்சி. டொக்டர் வந்துகொண்டிருக்கிறார்" என்றார் அவர், நிற்காமலே.

யாரோ புல் நீட்டினார்கள். அதையும் தட்டிவிட்டார். கல்நெஞ்சுக்காரன் என்று சிவாஜினி முடிவே கட்டிவிட்டாள். ஆனால் ஒன்று மட்டும் அவளைக் குடைந்தது. கல்நெஞ்சுக்காரன் எதற்காக அழுதுகொண்டே நடக்கிறான்?

மிருக வைத்தியர் வந்தார். ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டார். சிவாஜினி பக்கத்தில் போய், ஏன் படுக்க விடக்கூடாது என்று கேட்டாள்.

"கடும் வயித்துக்குத்து. படுத்து உருண்டால் குடல் முறுகிப் போகலாம், பிறகு காப்பாத்துறது கஷ்டம். நான்தான் போனில நடத்தச் சொன்னனான். தீனும் குடுக்க வேண்டாம் எண்டனான்."

சிவாஜினி பிடித்த படத்தை அழித்தாள். வெட்கமாக இருந்தது. இருந்தாலும் விடவில்லை, இந்த வயிற்று வருத்தம் எதனால் வந்தது என்று கேட்டாள்.

வைத்தியர் குழாயில் வந்ததைக் காட்டினார். களியாய்ப் போன பேக்கரிப் பாண். புல் தின்கிற வயிற்றுக்குள் இவ்வளவு பாண் போனால் புளித்துப் பொருமாமல் என்ன செய்யும் என்று சினந்தார்.

"ஆர் இதுக்குப் பாண் குடுத்தது?"

ஸெய்னுதீன் ஒருதரம் சிவாஜினியைப் பார்த்தார்.

"நான்தான் டொக்டர். எண்ட பிழை."

வைத்தியர் அவரை எல்லோருக்கும் முன்னால் ஏசினார். கூட்டமும் சேர்ந்துகொண்டது.

சிவாஜினி மட்டும் வாய் திறக்கவில்லை. காலையில் கோட்டைக்குள் திரியும் மான்களுக்குப் போட்டு மிஞ்சிய பாணையெல்லாம், தேத்தண்ணிக் கடையிலிருந்து ஸெய்னுதீன் கையை ஆட்டி ஆட்டித் தடுத்ததை வணக்கம் என்று நினைத்துக்கொண்டு, ஆசை ஆசையாக அந்தக் குதிரைக்கு ஊட்டியவள் அவள்தான்.