கதவில் ஒட்டிய பட்டியல்

"அந்த 417 மட்டும் என் கையில சிக்கட்டும், லேப் குடுவையாலயே மண்டையில ஒண்ணு போடுறேன்!"

நோரீன் சொன்னதும் வரிசையே சிரித்தது. "எனக்கும் ஒரு போடு மிச்சம் வைங்க!" என்றாள் பின்னால் நின்ற சிவப்புத் தொப்பிப் பெண்.

கரிம வேதியியல் வகுப்பிலிருந்து விலகுகிறவர்களின் வரிசை அது. மாலை ஐந்து மணிக்குள் மஞ்சள் படிவத்தைக் கொடுத்துவிட்டால், மதிப்பெண் சான்றிதழில் 'விலகினார்' என்ற ஒரு சொல்லோடு தப்பிக்கலாம். கொடுக்காமல் விட்டுத் தோற்றுப் போனால், எந்த மருத்துவக் கல்லூரியும் அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்காது.

மணி நாலே முக்கால். நோரீன் ஒரு காலில் நின்றாள், மறு காலுக்கு மாறினாள், படிவத்தைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"நோரீன், போதும். வா, வெளியே போய் ஒரு காப்பி குடிச்சிட்டுப் பேசுவோம்" என்றான் டெஸ்மண்ட். லேபில் அவளோடு ஒரே மேஜை. இசையில் பட்டம் வாங்கிவிட்டு, அவளைப் போலவே டாக்டராக வேண்டும் என்று முதலிலிருந்து அறிவியல் படிக்க வந்தவன். அவன் விலகவில்லை. காலையிலிருந்து அவள் பின்னாலேயே சுற்றிக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"என்ன பேச? முதல் பரீட்சையில ஐம்பத்தி நாலு, இப்போ ஐம்பத்திரெண்டு. எனக்கு முப்பத்தியோரு வயசுடா! எட்டு வருஷம் பார்த்த இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை உதறிட்டு வந்தேனே, என்னைச் சொல்லணும்."

"அடுத்த பரீட்சையில ஏத்திடலாம்."

"எண்பது வாங்கினவன் நீ. நீ சொல்லுவே. பழைய மேனேஜருக்குப் போன் பண்ணிட்டேன். திங்கட்கிழமை வந்துடுன்னுட்டார். டாக்டர் ஆசை எல்லாம் இன்னியோட சரி."

டெஸ்மண்டின் முகம் வெளுத்துவிட்டது. "போன் பண்ணிட்டியா?"

"பின்னே? இந்த ஹாலரன் வாத்தியார் வகுப்பு சராசரியை வச்சுத்தானே கிரேடு போடுறார். ஒரு 417 தொண்ணூத்தெட்டு வாங்கி உட்கார்ந்துக்கிச்சுன்னா, சராசரி ஏறி நாமெல்லாம் குழியிலதான்."

"அது யாருன்னே தெரியலையே" என்றாள் சிவப்புத் தொப்பி. "வாத்தியார் கதவுல பேர் போடாம, நம்ம ஐ.டி. கார்டு நம்பர்ல கடைசி மூணு எண்ணை மட்டும்தானே ஒட்டறார். உங்க நம்பர் என்ன?"

"206. இதே காலேஜுலதான் பி.ஏ. வரலாறு படிச்சேன். பத்து வருஷமா மனப்பாடம்."

"விடைத்தாளைப் போய்ப் பார்த்தீங்களா?"

"ஐயோ, அவர் ரூமுக்கா? அரை மார்க் கேட்கப் போனவனுக்கு மூணு மார்க்கைக் குறைச்சு அனுப்பினாராம். எனக்கு வேண்டாம்ப்பா அந்த வம்பு."

டெஸ்மண்ட் இருமினான். "நோரீன், ஒரு விஷயம்..."

"எதுவா இருந்தாலும் அப்புறம்!"

அவள் முறை வந்துவிட்டது. கல்லூரி அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் மிஸஸ் யானிக், காலையிலிருந்து முத்திரை குத்திக் குத்திச் சிவந்த கையோடு உட்கார்ந்திருந்தார்.

"நிச்சயமாத்தானா, கண்ணு? குத்திட்டேன்னா திரும்ப எடுக்க முடியாது."

"குத்திடுங்க" என்றாள். அழக்கூடாது என்று கூரையைப் பார்த்தாள்.

முத்திரை மையில் ஒருமுறை பதிந்து மேலே எழுந்தது.

"நிறுத்துங்க!" டெஸ்மண்ட் கையை ஜன்னலுக்குள்ளேயே நீட்டிவிட்டான். "அது என் மார்க்! 206 நான்!"

"உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் நோரீன்.

அவன் தன் கார்டை எடுத்துக் காட்டினான். கடைசி மூன்று எண்கள் 206. "பட்டியல்ல ஒரே ஒரு 206தான் இருக்கு. நேத்து ஹாலரன் ரூமுக்குப் போய் விடைத்தாளையும் பார்த்துட்டேன். ஐம்பத்தி நாலு, ஐம்பத்திரெண்டு ரெண்டும் என்னோடது. எண்பதுன்னு உன்கிட்ட பீத்திக்கிட்டேனா, சொல்ல வெக்கமாயிடுச்சு. நீ வேலைக்கே திரும்பிப் போவேன்னு நினைக்கல, நோரீன்."

அவனை அறைவதா, கட்டிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "அப்போ என் மார்க் எங்கே?"

"கார்டை இப்படிக் கொடு" என்று வாங்கிப் பார்த்த மிஸஸ் யானிக் உச்சுக்கொட்டினார். "இது நீ பி.ஏ. படிச்சப்போ கொடுத்தது, கண்ணு. அந்த நம்பர் அப்பவே செத்துப்போச்சு. மறுபடி சேர்றவங்களுக்குப் புது நம்பர். ஆகஸ்ட்லயே வெள்ளைக் கவர்ல வீட்டுக்கு அனுப்பினோமே?"

நோரீன் வேதியியல் புத்தகத்தைத் திறந்தாள். பக்க அடையாளத்துக்காக அவள் செருகி வைத்திருந்த வெள்ளைக் கவர், பிரிக்காமல் அப்படியே இருந்தது.

மிஸஸ் யானிக் நகத்தால் அதைக் கிழித்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பகலெல்லாம் வரிசையைக் கூப்பிட்டுப் பழகிய அதே உரத்த குரலில் வாசித்தார்: "நாலு... ஒண்ணு... ஏழு."

வரிசை மொத்தமும் நோரீனைத் திரும்பிப் பார்த்தது. பிறகு சிவப்புத் தொப்பிப் பெண் கேட்டாள்: "யார்கிட்டயாவது லேப் குடுவை இருக்கா?"