ஒன்பதாவது கேள்வி

தூத்துக்குடித் துறைமுகத்தில் குடியேற்ற அதிகாரியாக இருந்த சங்கரவடிவு, குடியேற வருகிறவர்களுக்கான தேர்வில் ஒன்பதாவது கேள்வியை மட்டும் ஆற அமரத்தான் கேட்பாள்.

"உங்க நாடு ஏன் ஏழையாச்சு?"

எதிரே ஸ்காட்லாந்துக்காரன் டங்கன் நின்றான். வெல்டர். பொறி பட்டுக் கையெல்லாம் தழும்பு. பின்னால் பெஞ்சில் அவனுடைய ஆறு வயது மகள், கம்பளிக் கோட்டைக் கழற்ற மாட்டேன் என்று வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தாள்.

அரசாங்கக் கையேட்டில் விடை ஒரே வரிதான்: குளிர் எங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டது. வடக்கிலிருந்து கப்பலேறி வருகிறவர்கள் அதை மனப்பாடம் செய்துகொண்டுதான் இறங்குவார்கள். டங்கனுக்கு மட்டும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நாங்க சோம்பேறி இல்ல மேடம். எங்க கடல் காத்துல வர்ற கரண்டு மொத்தத்தையும் உங்க கம்பெனி கொண்டுபோகுது. எங்க வீட்டுல விளக்கு எரியல."

"உண்மைதான்," என்றாள் சங்கரவடிவு.

முப்பது வருஷத்துக்கு முன் இவன் ஊர்க் குடியேற்ற அலுவலகத்தில் அவள் அப்பாவும் முதலில் உண்மையைத்தான் சொன்னார். பிறகு பெஞ்சில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வெயில் எங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டது என்றார்.

"உண்மைக்கு இங்க மார்க் கிடையாது. வந்த கப்பல் நாலு மணிக்குத் திரும்புது. இன்னொரு தடவை சொல்லுங்க."

டங்கன் மகளைத் திரும்பிப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தான்.

"குளிர் எங்களை..."

"சத்தமாச் சொல்லுங்க," என்றாள் அவள். "உங்க பொண்ணு காதுல விழணும். எங்கப்பா சொன்னது என் காதுல விழுந்துச்சு."