நாலாவது புகார்

"கிறிஸ்டினாவை அனுப்பினீங்கன்னா, திங்கக்கிழமை என் லைன்ல ஒரு மெஷின்கூட ஓடாது சார்."

பேபி கதவைத் தட்டவில்லை. தட்டிவிட்டு நுழையும் பழக்கம் அவளுக்கு எப்போதுமே கிடையாது. பம்மலில் உள்ள அந்தத் தோல் கையுறைக் கம்பெனிக்கு மேனேஜராக வந்த நான்கு வருடத்தில் குமரேசனுக்கும் அது பழகிவிட்டது. தையல் பிரிவில் பேபி சூப்பர்வைசர். ஆள் வருவதற்கு முன்னால் அவள் குரல் வந்துவிடும்.

"யார் சொன்னா அனுப்பறோம்னு?"

"அவ கணக்கை முடிக்கச் சொல்லிகீறீங்க. சாயங்காலம் கைல கவர் குடுக்கப் போறீங்க. கேண்டீன் வரைக்கும் தெரிஞ்சுபோச்சு."

குமரேசனுக்கு ஆச்சரியம். பேபிக்கும் கிறிஸ்டினாவுக்கும் ஆகாது என்பது கம்பெனிக்கே தெரியும். கிறிஸ்டினாவுக்கு செக்கிங் வேலை. தைத்து வரும் ஒவ்வொரு கையுறையையும் தன் கையில் மாட்டி, விரல்களை விரித்துப் பார்ப்பாள். தையல் கோணியிருந்தால் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை வராது. அந்த வட்டத்தைப் பார்த்தாலே பேபிக்குப் பற்றிக்கொண்டு வரும். இதில் இரண்டு பேரும் ஒரே சர்ச் வேறு.

"அவங்க போனா உங்களுக்கு நிம்மதின்னுல்ல நினைச்சேன் பேபிக்கா."

"நிம்மதிதான். அதுக்காக? அவ சம்பளத்துலதான் அவ பொண்ணு பொத்தேரில காலேஜ் படிக்குது. நடுவுல நிறுத்திட்டு வூட்ல உக்காருன்னு நீங்க போய் சொல்வீங்களா?"

குமரேசன் பெருமூச்சு விட்டார். மேஜை டிராயரிலிருந்து கம்ப்யூட்டரில் அடித்த ஒரு தாளை எடுத்தார்.

"முதலாளிக்கு மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. கீழே பேர் கிடையாது. அவரும் நானும்தான் பார்த்தோம்."

"இன்னா எழுதிகீது? படிங்க."

படிக்கலாமா என்று யோசித்தார். பேபி நகர்வதாக இல்லை.

"ஒண்ணு. யார் வணக்கம் சொன்னாலும் திருப்பிச் சொல்றதில்ல."

"நெசம். நான் ஸ்தோத்திரம்னு சொன்னாக்கூட தலைய மட்டும்தான் ஆட்டுவா. அப்புறம்?"

"ரெண்டு. தனியா சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடறாங்க."

"நெசம். சோறு அவளுது, சுவரு கம்பெனியுது. யாருக்கு இன்னா போச்சு?"

"மூணு. மத்தியானம் நீங்க நாலஞ்சு பேர் சேர்ந்து ஜெபம் பண்றப்போ அவங்க வாயே திறக்கறதில்ல."

"அதுவும் நெசம். நான் ஜெபம் பண்ணா தெருமுனை வரைக்கும் கேக்கும். அவளுக்கு உதடுகூட அசையாது. கர்த்தருக்கு ரெண்டும் கேக்குது சார். என்னை இப்டிப் படைச்சவர்தான் அவளை அப்டிப் படைச்சாரு. வலது கைக்குத் தச்ச கிளவுஸ் இடது கைக்கு ஏறலைன்னா குப்பைல போட்டுடுவீங்களா?"

சண்டைக்காரி தன் எதிரிக்காக வக்கீலாக நிற்பதைப் பார்க்க குமரேசனுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் அவர் கையில் எதுவும் இல்லை.

"இதுக்கெல்லாம் யாராவது வேலையை விட்டு அனுப்புவாங்களா அக்கா? நாலாவதா ஒண்ணு இருக்கு. அதை நான் படிச்சுக் காட்ட முடியாது. அதாலதான் முதலாளி முடிவு பண்ணாரு. எழுதினது யாருன்னு தெரிஞ்சாலாவது கூப்பிட்டு விசாரிக்கலாம். பொய்யா இருந்தா எழுதின ஆளை வெளிய அனுப்பலாம்."

பேபி அவர் கையிலிருந்த தாளையே பார்த்தாள்.

"அது சரி, திடீர்னு ஏன் அவங்க மேல இவ்ளோ அக்கறை?" என்றார் குமரேசன்.

"நாளைக்கு முதல் ஞாயித்துக்கிழமை. எங்க சர்ச்ல திருவிருந்து. மனசுல ஒருத்தர் மேல கசப்பை வச்சிகினு அப்பத்துக்குக் கை நீட்டக்கூடாது சார். போன மாசம் எல்லாரும் எழுந்து முன்னால போனாங்க. அவளும் போனா. நான் மட்டும் பெஞ்ச்லயே உக்காந்துகினு இருந்தேன்."

"அப்போ நாளைக்கு ரெண்டு பேரும் ராசியாகப் போறீங்க."

"ராசியா? அவளை எனக்குப் பிடிக்காது. நாளைக்கும் பிடிக்காது. பிடிக்கணும்னு கர்த்தரே வந்து சொன்னாலும், கொஞ்சம் டைம் குடுங்கன்னுதான் கேப்பேன். அதுக்காக அவ சோத்துல மண்ணைப் போட முடியுமா?"

குமரேசன் தாளை மடித்தார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. முதலாளி பேச்சைத் தாண்டி நான் என்ன செய்ய?"

"தாண்ட வேணாம். போய்ச் சொல்லுங்க. தினமும் கேட்ல பையைத் தொறந்து காட்டிட்டுத்தான் அவ வூட்டுக்குப் போறா. ரிஜெக்ட் ஆன கிளவுஸ்ல ஒரு ஜோடிகூட அவ எடுத்துகினு போனதில்ல. திருட்டுப் பட்டம் கட்டி அவளை அனுப்பக்கூடாது."

தாளை டிராயரில் வைக்கப் போன குமரேசனின் கை அப்படியே நின்றது.

"திருட்டுன்னு நான் வாயே திறக்கலையே. நாலாவதுல என்ன இருக்குன்னு முதலாளிக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்?"

"மூணு பேருக்குத் தெரியும்" என்றாள் பேபி. குரல் தாழவில்லை. கையை நீட்டினாள். "அந்தப் பேனாவைக் குடுங்க சார். எழுதினப்போ அடியில பேர் போடாம விட்டுட்டேன்."