காதில் மாட்டிய ஆரஞ்சுப் பை

பூசான் பேஸ்பால் மைதானத்தில் ஏப்ரல் வெயில் சாய்கிறது. எட்டாவது சுற்று வந்ததும் வழக்கம்போல் குப்பை போடும் ஆரஞ்சுப் பைகள் கைமாறி வருகின்றன. மீன்கடைக்காரி மியோக் ஒன்றை ஊதி முடிச்சிட்டு, கைப்பிடிகளைக் காதுகளில் மாட்டித் தலையில் வைத்துக்கொள்கிறாள். அரங்கம் முழுக்க ஆரஞ்சுத் தலைகள். பருவம் தொடங்கிப் பத்து ஆட்டங்களில் எட்டு வெற்றி. பட்டியலில் பூசான் அணிதான் முதலிடம். "ரொம்ப ஆடாதீங்கக்கா. செர்ரிப் பூ உதிர்ந்தா இவனுங்களும் உதிர்ந்துடுவானுங்க," என்கிறாள் பக்கத்துக் கடை ஹேரன், பொரித்த கோழியை மென்றபடி. முப்பது வருடமாக, ஒவ்வொரு ஏப்ரலிலும் மியோக் தன் கணவரைச் சீண்டிய அதே கேலி. போன குளிர்காலத்தில் அவர் இறந்த பிறகு, அவருடைய இருக்கையில் ஹேரன் உட்கார்ந்திருக்கிறாள். மியோக்கின் தலையில் பை காற்றுக்குச் சரசரக்கிறது. அவர் சொல்லிவந்த பதில் அவளுக்கு மனப்பாடம்; அதையே ஹேரனிடம் சொல்கிறாள். "வாயை மூடிட்டுப் பாருடி. இந்த வருசம் கப்பு நமக்குத்தான்."